லிட்டருக்கு 13

எங்கள் முதலாளியிடம் டீசல் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: லிட்டருக்கு 13 கிலோமீட்டர். ட்ரிப் ஷீட்டில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை 13-ஆல் வகுத்து, அத்தனை லிட்டருக்குத்தான் பணம் தருவார். வண்டி அதற்கு மேல் குடித்தால் டிரைவர் சம்பளத்தில் பிடித்தம். மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. 1991-ல் பேட்ஜ் எடுத்து, திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டாண்டில் ஒரு டீசல் அம்பாசிடரைத் தனியாக ஓட்ட ஆரம்பித்த முதல் மாதம், என் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் இந்தக் கணக்கில் போய்விட்டது. எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் அண்ணாச்சி. அவர் கையில் அது 14 கொடுத்தது. என் கையில் 11.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அதற்கு முன்பு இரண்டு வருடம் அவரிடம் கிளீனராக இருந்தவன் நான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, டயரில் காற்றுப் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது எல்லாம் அவரிடம் கற்றதுதான். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "கயத்தாறு வரைக்கும் போயிட்டுத் திரும்பு" என்றார். திரும்பி வந்து ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"நாப்பத்தேழு தடவ பிரேக் மிதிச்சிருக்கலே. நான் போனா பதினஞ்சு தாண்டாது. டீசல எரிச்சு வேகம் வாங்குத, வாங்குன வேகத்தப் பூரா டிரம்முல தேய்ச்சு விட்டுருத. பெறவு எப்படி மைலேஜ் வரும்?"

கண்ணை மூடிக்கொண்டு அவர் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான். எனக்கு அன்று வரை மைலேஜ் என்பது ஆக்ஸிலேட்டர் விவகாரம் என்றுதான் நினைப்பு. மெதுவாக மிதித்தால் மிச்சம், அழுத்தி மிதித்தால் செலவு. பிரேக்கில் டீசல் போகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வேறு எங்கே போக முடியும்? 60-ல் வருகிற வண்டிக்குள் இருக்கும் வேகம் என்பது ஏற்கெனவே எரித்த டீசல். முன்னால் மாட்டு வண்டி போவதை 200 மீட்டர் தள்ளியே பார்த்துக் காலை எடுத்துவிட்டால், அந்த வேகத்தை வைத்தே அவ்வளவு தூரமும் உருண்டு போய்விடலாம். கிட்டே வரை மிதித்துக்கொண்டே போய்ப் பிரேக் போட்டால் டிரம் சூடானதுதான் மிச்சம். அதிலும் 60-லிருந்து வண்டியை நிறுத்தும்போது இழப்பது, 40-லிருந்து நிறுத்தும்போது இழப்பதைப் போல இரண்டேகால் மடங்கு. வேகம் ஒன்றரை மடங்கானால் இழப்பு அப்படித்தான் ஏறும்.

அடுத்து அவர் செய்த வேலையை இன்றைக்கு யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டயரிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு ரப்பர்த் துண்டு அறுத்து, ஆக்ஸிலேட்டர் பெடலுக்குக் கீழே வைத்துக் கம்பியால் கட்டினார். பெடல் பாதிக்கு மேல் இறங்காது. மூன்று மாதம் அப்படித்தான் ஓட்டினேன். அந்தக் காலத்து இருவழிச் சாலையில், 50, 55 போகிற வண்டிகளுக்கு நடுவே அது நடந்தது. இன்று நான்கு வழிச்சாலையில் பின்னால் லாரி நெருங்கி வரும்போது பெடல் இறங்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஆனால் அந்த மூன்று மாதம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை வேறு எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. மிதித்து ஈடுகட்ட முடியாது என்று ஆனவுடன், வேகத்தை வீணாக்க மனசு வரவில்லை. மேடு வருவதற்கு முன்பே தயாரானேன். பஸ் ஸ்டாப்பில் பஸ் கிளம்பப்போவதை அதன் பின் சக்கரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ரயில்வே கேட் அடைத்திருப்பதை எதிரே வண்டி வராததிலிருந்து ஊகித்தேன். மூன்றாவது மாதம் 12.6 வந்தது.

முதல் ஆறு மாதத்துக்குள் நான் செய்த இன்னொரு தப்பு, கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது. வேகம் குறைந்தால் மிச்சம்தானே என்று திருச்செந்தூர் ட்ரிப் ஒன்றில் 35-லேயே ஓட்டினேன், மூன்றாவது கியரில். இரண்டு நாள் அப்படி ஓட்டிக் கணக்குப் பார்த்தால் 11.5. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார்.

"இப்ப வண்டி எத்தன கிலோமீட்டர் ஓடுது?"

"நிக்கி அண்ணாச்சி."

"டீசல் குடிக்கா இல்லியா?"

அவ்வளவுதான் பாடம். இன்ஜினுக்குத் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள ஒரு செலவு உண்டு. பிஸ்டன் உரசுவது, ஆயிலைத் தள்ளுவது, தண்ணீர் பம்ப், டைனமோ எல்லாம் சேர்ந்தது. வண்டி நின்றாலும் ஓடினாலும் அந்தச் செலவு மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், இன்ஜின் வேகமாகச் சுற்றினால் இன்னும் கூடும். மெதுவாகப் போனால் அதே செலவைக் குறைந்த கிலோமீட்டருக்குப் பங்கு போட வேண்டியிருக்கும். மூன்றாவது கியரில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகளும் அதிகம். இரண்டு நஷ்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து நான் சிக்கனம் என்று நினைத்திருக்கிறேன்.

மறுபக்கம் காற்று. வண்டி தள்ளிக்கொண்டு போகிற காற்றின் எதிர்ப்பு, வேகம் ஏறுகிற அளவுக்கு ஏறாது. அதன் வர்க்கமாக ஏறும். 60-ல் இருக்கும் எதிர்ப்பு 80-ல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. 50-ல் இருப்பது 100-ல் நாலு மடங்கு. டயர் உருளுகிற எதிர்ப்பு அப்படி இல்லை, எந்த வேகத்திலும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும். இன்ஜின் தனக்கே செலவழிப்பது ஒரு பக்கம், காற்றுக்குக் கொடுப்பது ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இடம் இருக்கிறது. டாப் கியரில் உதறாமல் ஓடுகிற வேகத்துக்குச் சற்று மேலே அது இருக்கும். அந்த அம்பாசிடருக்கு 50-க்கும் 55-க்கும் நடுவே. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமும் 45-லிருந்து 55 வரை ஓட்டச் சொல்லித்தான் வருஷக்கணக்காகப் பிரசாரம் செய்கிறது. பின்னால் நான் ஓட்டிய இண்டிகாவுக்கு அந்த இடம் 60, டிசைருக்கு 65 பக்கம். உங்கள் வண்டிக்கு எது என்று நான் சொல்ல முடியாது. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அம்பாசிடரில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. ஸ்டியரிங் கீழே கை கியர், காலுக்குக் கீழே ஃப்ளோரின் அதிர்வு, பானட்டிலிருந்து வரும் சத்தம், இவைதான் மீட்டர். "மெஷின் முக்காம, மொனங்காம, அது பாட்டுக்குப் போவணும்" என்பார் அண்ணாச்சி. முக்கினால் கியர் பெரிது. முனங்கி அலறினால் கியர் சின்னது.

ஐந்தாவது வருடம்தான் காற்று என்றால் என்ன என்பது எனக்கு உண்மையாகப் புரிந்தது. ஒரு ஆடி மாதம், வாடகைப் பார்ட்டி ஒன்றைத் தொடர்ந்து பத்து நாள் நாகர்கோவிலுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நாங்குநேரி, வள்ளியூர் வரை ஒன்றும் தெரியாது. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் திரும்பினதும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று நேராக முகத்தில் அறையும். காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அந்தக் காற்றுக்காகத்தான். 70-ல் போய்க்கொண்டிருந்த வண்டி, கால் அசையாமலே 60-க்கு இறங்கும். நான் வீம்பாக மிதித்து 70-ஐப் பிடித்துக்கொண்டே போனேன். போகும்போது இழந்தது திரும்பும்போது முதுகில் காற்றாக வந்துவிடும், கணக்குச் சரியாகிவிடும் என்று நம்பினேன். சரியாகவில்லை. பத்து நாளும் கணக்கு இடித்தது.

காரணத்தைப் பிறகு நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 70-ல் போகிற வண்டிக்கு அது 100-ல் போவதற்குச் சமம். எதிர்ப்பு இரண்டு மடங்காகிறது. திரும்பும்போது 40-ல் போவதற்குச் சமம். எதிர்ப்பு மூன்றில் ஒன்றாகிறது. மிச்சமாவது முக்கால் பங்குகூட இல்லை, கூடுதலாகப் போவது முழுசாக ஒரு பங்கு. வர்க்கம் என்கிற கணக்கு அப்படித்தான், போனது திரும்பி வராது. அதற்குப் பிறகு ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டும்வரை 55-க்கு இறங்கிவிடுவேன். பார்ட்டி கேட்டால் காற்று அதிகம், வண்டி ஆடும் என்று சொல்வேன். அதுவும் உண்மைதான். அந்த இடத்தில் காற்று லேசான வண்டியை லேனை விட்டே நகர்த்தும்.

லோடு பற்றிச் சொல்கிறேன். இதில்தான் டிரைவர்களுக்குள்ளேயே குழப்பம் அதிகம். ஆள் ஏறினால் மைலேஜ் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். போகும், ஆனால் எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். மதுரை ரோடு மாதிரிச் சமதளத்தில், ஒரே வேகத்தில் போகும்போது நாலு ஆள் கூடுதலாக இருந்தாலும் நான் மைலேஜ் எழுதிவைக்கும் நோட்டில் வித்தியாசம் லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர்தான். டயர் சற்றுக் கூடுதலாக அமுங்கி உருளுகிறது, அவ்வளவே. அதே நாலு பேரை டவுனுக்குள் ரதவீதி சுற்றி, சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஏற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் போய்விடும். ஒவ்வொரு முறையும் அத்தனை எடையை நிறுத்தி, மறுபடி கிளப்புகிறோம். மலை ஏறினால் கேட்கவே வேண்டாம். ஒரு முறை மாஞ்சோலைக்கு வந்த பேராசிரியர் ஒருவர் சொன்னார்: ஒன்றரை டன் வண்டியை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே ஒன்றேகால் லிட்டர் பக்கம் டீசல் வேண்டும், அதில் எந்த டிரைவராலும் மிச்சம் பிடிக்க முடியாது என்று. அதைக் கேட்டது எனக்குப் பெரிய நிம்மதி. மலை ட்ரிப் முடிந்து வருகிற மைலேஜைப் பார்த்து என் காலையே குறை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

எடையைவிடப் பொல்லாதது மேலே கட்டுகிற கேரியர். ஐயப்ப சீசனில் செங்கோட்டை வழியாகப் போகும் வண்டி எல்லாவற்றிலும் கேரியரும் அதன் மேல் தார்ப்பாயும் இருக்கும். ஒரு வருடம் சீசன் முடிந்து தை பிறந்த பிறகும் நான் கேரியரைக் கழற்றவில்லை. சும்மாதானே இருக்கிறது, மாசியில் குலதெய்வக் கோயில் ட்ரிப்புக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டேன். இண்டிகா அது. லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் குறைவாகவே இருந்தது. நாசில் கழற்றி டெஸ்ட் பண்ணினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், டேப்பெட் செட் பண்ணினேன். கடைசியில் மெக்கானிக் ஷெட்டில் நின்ற வயசான லேத்துக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, "மேல சட்டியக் கவுத்தி வச்சிட்டுக் கீழ எதத் தேடுத?" என்றார். வெறும் கேரியர், ஒரு கிலோ சாமான்கூட இல்லை. அன்றைக்கே கழற்றினேன். அடுத்த டேங்கில் மைலேஜ் திரும்பி வந்துவிட்டது. காற்றுக்கு எடை ஒரு பொருட்டில்லை, உருவம்தான் பொருட்டு.

இன்னொரு மறைவான லோடு, பிரேக் ஒட்டுவது. இதற்கு அண்ணாச்சி கற்றுத் தந்த சோதனையை இன்றும் நான் மாதம் ஒருமுறை செய்கிறேன். பத்துக் கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி வந்து வண்டியை நிறுத்த வேண்டும். இறங்கி நாலு வீலுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோக வேண்டும்; உள்ளங்கை கூடாது, சுட்டால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த வீலில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. இன்ஜின் நாள் முழுதும் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. சமதளமான, ஆளில்லாத ஒரு ரோட்டில் 30-ல் நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டி எந்த இடம் வரை உருண்டு நிற்கிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது கங்கைகொண்டான் பக்கம் ஒரு பழைய சர்வீஸ் ரோடு. அதே இடத்தில் தொடங்கி ஒரு வேப்பமரத்தைத் தாண்டினால் வண்டி ஆரோக்கியம். மரத்துக்கு முன்னாலேயே நின்றால் டயரில் காற்றுக் குறைவு, அல்லது பிரேக் ஒட்டுகிறது, அல்லது அலைன்மென்ட் போயிருக்கிறது. டயரில் அஞ்சு பவுண்டு குறைந்தால் ஒரு சதவீதம் எரிபொருள் போகும் என்பார்கள். சின்னதாகத் தெரியும். ஆனால் தினமும் 250 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அது வருஷத்தில் ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

நியூட்ரல் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இரண்டாம் வருடம். ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசலிலிருந்து புளியரை எஸ் வளைவுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தார், பின்னால் பார்ட்டி நாலு பேர். இறக்கத்தில் இன்ஜின் எதற்கு என்று நியூட்ரலில் தள்ளி, இன்ஜினையும் நிறுத்திவிட்டேன். டீசல் மிச்சம் என்று மனசுக்குள் சந்தோஷம். மூன்றாவது வளைவில் பிரேக் வாசம் அடித்தது. நாலாவது வளைவில் பெடல் கீழே போனது, வண்டி நிற்கவில்லை. அண்ணாச்சி விழித்த வேகத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, "கியரைப் போடுலே!" என்று கத்தினார். எப்படியோ இரண்டாவது கியர் விழுந்தது. கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. ஓரத்துப் பாறையை உரசாமல் நின்றோம். பார்ட்டி இறங்கி நின்று சாமி கும்பிட்டது. அண்ணாச்சி என்னை ஓங்கி அறைந்தார். என் வாழ்க்கையில் அவர் கை என் மேல் பட்டது அந்த ஒரு முறைதான்.

அன்று இரவு செங்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஏறுன கியர்லதான் எறங்கணும். கியர்ல கால எடுத்துட்டு எறங்குனா சக்கரம் மெஷினச் சுத்தும், டீசல் தேவப்படாது. நியூட்ரல்ல விட்டா மெஷின் நிக்காம இருக்க டீசல் குடிக்கும். நிறுத்திட்டா நம்ம சாவோம்." இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்த பிறகு இது இன்னும் கச்சிதம். கியரில் வைத்துக் காலை எடுத்தவுடன் கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு வெட்டிவிடும். ஐட்லிங் வேகத்துக்கு வந்த பிறகுதான் மறுபடி விடும். ஆகவே இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பது இன்றைய வண்டிக்குப் பொய். அத்தோடு இன்றைய வண்டிகளில் இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் பலம் போய்விடும். கற்றுக்கொள்ள வருகிற பையன்களிடம் மற்ற விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

நான்கு வழிச்சாலை வந்தபோது எங்கள் தொழிலே மாறிப்போனது. மதுரைக்கு 160 கிலோமீட்டர். பழைய ரோட்டில் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வெளியேற நாலு மணி நேரம் ஆகும். இப்போது எல்லோரும் 100, 110. நானும் கொஞ்ச நாள் அப்படி ஓட்டினேன். டீசல் டிசைர், 80-ல் பிடித்தால் 23 கொடுக்கும், 100-ல் 18. மதுரை போக 80-ல் இரண்டு மணி நேரம், ஏழு லிட்டர். 100-ல் ஒரு மணி 36 நிமிடம், ஒன்பது லிட்டர். காகிதத்தில் 24 நிமிடம் மிச்சம். சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் மூன்று டோல்கேட்டிலும் நின்று கிளம்பியதில் அது 15 நிமிடம்கூட வரவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். மதுரை ஏர்போர்ட்டுக்கு விமானம் பிடிக்க வேண்டியவரை நான் 100-ல் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு அதற்கும் மேலே போயிருக்கிறேன். அந்த லிட்டர்களுக்காக நான் வருந்தியதில்லை. அவசரமே இல்லாத நாளில் வெறும் பழக்கத்துக்காக 100-ல் போகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு கஷ்டப்படும்.

அண்ணாச்சியிடம் கற்றதை நானே திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு சந்தர்ப்பமும் வந்தது. 2021-ல் பெட்ரோல் வண்டிக்கு மாறினேன். முப்பது வருடம் டீசலில் பழகிய கால். லேசாக மிதி, இன்னும் லேசாக மிதி என்றே பழகியது. முதல் நாலு மாதம் மைலேஜ் பிடிபடவே இல்லை. மேட்டில் லேசாக மிதிக்க வேண்டும் என்பதற்காக மூன்றாவது கியருக்கு இறக்கி, இன்ஜினைச் சுற்றவிட்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆலங்குளம் பக்கம் கவனக்குறைவில் நாலாவது கியரிலேயே மேடு ஏறிவிட்டேன், பெடலைக் கிட்டத்தட்டப் பாதிக்கு மேல் மிதித்து. மீட்டரில் காட்டிய மைலேஜ் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மறுநாள் அதே மேட்டில் இரண்டு விதமாகவும் ஏறிப் பார்த்தேன். பெரிய கியரில், ஆழமாக மிதித்து, குறைந்த சுற்றில் ஏறுவதுதான் சிக்கனம்.

காரணம் இதுதான். பெட்ரோல் இன்ஜினின் மூக்கில் ஒரு மூடி இருக்கிறது, த்ராட்டில். லேசாக மிதித்தால் அந்த மூடி பாதி மூடியே இருக்கும். இன்ஜின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனைப் போல, மூச்சை இழுக்கவே பலத்தைச் செலவழிக்கும். ஆழமாக மிதித்தால் மூடி திறக்கிறது, மூச்சு எளிதாகிறது. எரித்த பெட்ரோலுக்கு அதிக வேலை கிடைக்கிறது. எங்கள் பழைய டீசல்களுக்கு அப்படிப்பட்ட இழப்பு பெரிதாக இல்லை, ஆகவே அண்ணாச்சியின் லேசான கால் அந்த வண்டிக்குச் சரி. பெட்ரோல் இன்ஜினுக்கு வேலை கொடுக்க வேண்டும். சும்மா சுற்றவிடுவதுதான் அதற்கு நஷ்டம். ஆனால் இதற்கும் இரண்டு எல்லை உண்டு. வண்டி உதறினால், தட்டுகிற சத்தம் கேட்டால், உடனே கியரைக் குறைக்க வேண்டும். அடம்பிடித்து ஏற்றினால் மைலேஜில் மிச்சம் பிடித்ததைப் போல பல மடங்கு இன்ஜின் வேலைக்குக் கொடுக்க வேண்டி வரும். பெடலைத் தரையோடு தரையாகவும் அழுத்தக் கூடாது. அப்போது இன்ஜின் பாதுகாப்புக்காகப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொள்ளும். முக்கால் பெடல், அதற்கு மேல் வேண்டுமானால் கியரைக் குறை.

அண்ணாச்சி அப்போது படுக்கையில் இருந்தார். போய்ச் சொன்னேன், பெட்ரோல் வண்டியில் நீங்கள் சொன்னது சரிப்பட்டு வரவில்லை, ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் பெட்ரோல் வண்டி ஓட்டுனதில்லலே. நீ பாத்தத நீ நம்பு" என்றார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

கால் எவ்வளவு தேறினாலும் தேறாத இடங்களும் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட ட்ரிப் அடித்தேன் ஒரு வருடம். காலையில் இரண்டு கிலோமீட்டர், நிறுத்தம், மறுபடி இரண்டு கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் ட்ரிப் முடிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். 20 கொடுத்த வண்டி 13-க்கு இறங்கியது. அதற்கு மருந்து கிடையாது. ஏசி போட்டாலும் லிட்டருக்கு ஒன்று ஒன்றரை குறையும். சித்திரை வெயிலில் பார்ட்டியை ஏசி இல்லாமல் உட்காரவைத்து மிச்சம் பிடிப்பது தொழில் தர்மம் இல்லை. வண்டியை ஓடவிட்டபடி நிறுத்திவைத்தால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பது உறுதியானால் நான் சாவியைத் திருப்பிவிடுவேன்.

கற்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை ஸ்பீடில் போனால் மைலேஜ் வரும் என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், முதல் கட் ஆஃப் விழுகிற வரைக்கும் ஃபுல் டேங்க் போட்டு, கிலோமீட்டரை எழுதுங்கள். அடுத்த தடவையும் அதே மாதிரி. ஒரு டேங்க் கணக்கை நம்ப வேண்டாம். ஐந்து டேங்க் எழுதிய பிறகு கூட்டி வகுத்துப் பாருங்கள். பக்கத்தில் எங்கே போனீர்கள், எத்தனை பேர், கேரியர் உண்டா, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதுங்கள். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் கிலோமீட்டர் மீட்டர் குறைத்துக் காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாதம் 80-ஐத் தாண்டாமல், முன்னால் போகிற வண்டிக்கும் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே ஓட்டிவிட்டு, நோட்டைத் திறந்து பாருங்கள். ஜங்ஷன் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நான் இருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.